இரண்டு லிட்டர் புது ஆயில்

...காலையில் சிவப்பில் நின்ற எண் மதியத்துக்குள் பச்சைக்கு எப்படி வந்தது, ஆயில் தானாகவா தேறும், அவன் சென்சார் பெட்டியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், மலைப்பாதை பஸ், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டியது. இன்ஜினின் ஆயில் சேம்பரில் அவன் பொருத்திய சென்சாருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், இரண்டு தகடு, நடுவே ஆயில், அதில் துளி மின்சாரம், அழுக்கும் இரும்புத்தூளும் சேரச் சேர எண் ஏறும், இறங்காது, இறங்கவே கூடாது... "ரெண்டு லிட்டர் புதுசு ஊத்தினேன் தம்பி, உன் பெட்டி கப்சிப்னு ஆயிடுச்சு பாத்தியா!" பஸ்ஸுக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் சிரிப்பு. அடங்கும்தான். பழையது உள்ளேயே கிடக்க மேலே புதுசைக் கலந்தால் யாருக்குத்தான் முகம் தெளியாது... அவன் மனைவிக்கும் தெளிந்தது, ரத்தம் ஏற்றிய மறுநாள், கன்னத்தில் நிறம், தலையணையில் சாய்ந்துகொண்டு, "இஸ்திரி போடாமயா வந்தீங்க, நான் இன்னும் போகலையே, அதுக்குள்ள இப்படியா," என்று கிண்டல் வேறு, வார்டே சிரித்தது, எண்களெல்லாம் நன்றாக இருக்கின்றன என்றார் டாக்டர், தன் மகள் வீடு திரும்பப்போகிறாள் என்று அத்தை வீட்டைக் கழுவிவிடக் கிளம்பினாள். அந்த வாரமே எல்லாம் முடிந்தது. நல்ல எண்களோடுதான் போய்ச் சேர்ந்தாள், அதில் என்ன குறை...

போன் அதிர்ந்தது, அத்தைதான், சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை, ஆச்சு அத்தை, தூங்குறீங்களா, தூங்குறேன் அத்தை... இரண்டும் பொய், குரல் மட்டும் சுத்தம்.

"கையெழுத்தப் போடுப்பா, டிரைவர் ஹாரன் அடிச்சே கொல்றான்." வெளியே வந்த மெக்கானிக், பஸ் கிளம்பலாம் என்ற தாளை நீட்டினார்.

"ஆயில முழுசா இறக்கணும்ணே."

"பச்சை எரியுதேய்யா! நீ வெச்ச பெட்டிய நீயே நம்ப மாட்டியா?"

மாட்டேன். அடியில் நுழைந்து, தட்டை வைத்து, ஆயில் இறக்கும் டிரெயின் போல்ட்டை அவனே கழற்றினான், கரியாக இறங்கியது, டார்ச்சைப் பிடித்தான், தட்டு முழுக்க மினுமினுப்பு, பேரிங் தேய்ந்து உதிர்ந்த துகள். மெக்கானிக் ஒரு துளியை விரலில் தேய்த்துப் பார்த்தார், சிரிப்பு நின்றுபோயிற்று. "இத வெச்சிக்கிட்டா மலை ஏற இருந்துச்சு..." என்றவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நல்லாத்தானே இருக்க தம்பி?"

"நல்லா இருக்கேன்ணே."

யோசிக்கும் முன்பே வந்துவிட்டது, எவ்வளவு தெளிவாக... அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார். தட்டை இப்போதுதான் கண்ணால் பார்த்தார், விரலில் கறைகூடக் காயவில்லை, அதற்குள் அவன் சொன்னதை இவரும் நம்பிவிட்டாரே.