சுவருக்குப் பின்னால் பதினெட்டு

சுரங்கத்தில் வாயு சோதிக்கும் ஜாகேஷ்வர் ரவானி குழாயின் திருகைத் திறந்து, சுவருக்குப் பின்னாலிருந்த காற்றைக் கருவிக்குள் இழுத்தான். மீத்தேன் பதினெட்டு சதவீதம், ஆக்சிஜன் மூன்று. தீப்பிடித்த அந்தச் சுரங்கப் பாதையை அடைத்துப் பதினோரு நாள் ஆயிற்று. அன்றுமுதல் ஓயாமல் நைட்ரஜன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிடந்தது அவன் தம்பி துகன்.

யூனியன்காரர் தசரத் பாண்டே காற்றைச் சோதிக்கும் தன் சுடர்விளக்கைக் குழாயருகே பிடித்தார். விளக்கு அணைந்தது.

"பாத்தியா? விளக்கே நிக்கல. இனி எங்கிருந்து வெடிக்கும்? உடைச்சுட்டுப் போய் உடம்பை எடுப்போம்டா."

இந்த விளக்கை நம்பியே இந்தச் சுரங்க ஊர் ஜரியாவில் பாதி மண்ணுக்குள் போயிருக்கிறது. ஆனாலும் புத்தி வருகிறதா?

"கேஸ் செத்துப்போகல பாண்டேஜி, நைட்ரஜன் அமுக்கி வெச்சிருக்கு. சுவரை உடைச்சா வெளிக்காத்து போகும். காத்து கலக்கக் கலக்க எரியற பக்குவத்துக்கு வந்துடும். உள்ளே நிலக்கரி இன்னும் கனலுது."

"எப்பத்தான் திறக்கறது?"

"மீத்தேன் பத்துக்குக் கீழே இறங்கணும், அப்பத்தான் காத்து கலந்தாலும் பிடிக்காது. கனலும் ஆறணும். மாசக்கணக்காகும்."

பின்னால் நின்றிருந்த சுரங்க மேனேஜர் முன்னால் வந்தார். "உன் தம்பி. நீ திறக்கலாம்னு எழுதினா நான் தடுக்க மாட்டேன்."

மீட்புக்குழு ஆறு பேர் மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். அதில் ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். ஜாகேஷ்வர், 'திறக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அழுகை வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி, மனசு இருக்கிற இடமே தெரியவில்லை.

வீட்டு முற்றத்தில் தம்பி பெண்டாட்டி சோன்மதி நின்றிருந்தாள். அவர்கள் வழக்கப்படி மூத்தார் முகத்தைத் தம்பி மனைவி பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. ஒன்பது வருஷமாக உப்பு வேண்டுமா என்பதைக்கூட அவன் மனைவி மூலமாகத்தான் கேட்டிருக்கிறாள். இன்று முக்காட்டைத் தள்ளிவிட்டு நேராகப் பார்த்தாள். நாடியில் ஒரு மச்சம் இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"திறக்க வேணாம்னு எழுதினது நீங்களா?"

"ஆமா."

"எரிய விடாத அந்தக் காத்துல, மனுஷன் மூச்சு விட முடியுமா?"

"முடியாது."

"அதை உள்ளே விடறப்போ அவருக்கு உயிர் இருந்துச்சா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்.

"சுவர் எழுப்பறதுக்கு முன்னாடியே உள்ளே விஷப்புகை ரொம்பி இருந்துச்சு. அதுல யாரும் பிழைச்சிருக்க முடியாதுன்னு மீட்டர் சொல்லுச்சு."

"மீட்டர் சொல்லுச்சு," என்றாள் சோன்மதி. பிறகு முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, உள்ளேயிருந்த அவன் மனைவியிடம் சொன்னாள்: "அக்கா, பொம்மை செய்யச் சொல்லுங்க."

உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தருப்பையாலும் புரச இலையாலும் ஆள் செய்து எரிப்பார்கள். மறுநாள் காலை தாமோதர் ஆற்றங்கரையில் துகனைத் தருப்பையாகக் கிடத்தினார்கள். முந்தின நாள் மழையில் புல் நனைந்திருந்தது. ஜாகேஷ்வர் கொள்ளி வைத்தான். புகைந்தது, பிடிக்கவில்லை.

"ஊதுப்பா," என்றார் புரோகிதர்.

இத்தனை நாளாகக் காற்றை மறித்துக்கொண்டிருந்தவன் மண்டியிட்டு, தம்பியின் தலைமாட்டில் வாய் வைத்து ஊதினான். மூன்றாவது ஊதலில் பற்றிக்கொண்டது. அவன் அதற்குப் பிறகும் ஊதிக்கொண்டே இருந்தான்.