ஒன்பதாவது ஓவர்

"ஓவர் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம்டா. மணி என்னன்னு சொல்லு."

"நாலரை இருக்கும்க்கா. ஜெயிச்சதும் நான் எந்திரிச்சுக் குதிச்சேன். அத்தான் கை தட்டுவாருன்னு திரும்பிப் பார்த்தா, வலது கை மடியில அப்படியே கெடக்கு. வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு. உடனே வண்டி பிடிச்சுட்டேன்."

"அதுவரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு?"

"ம்."

அந்த 'ம்'மைச் சொல்லிவிட்டுத் தம்பி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடி தன் செருப்பைப் பார்த்தான். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் நிற்பவன். நூலிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். 'ஸ்கோரு' என்றுதான் அங்கே அவனுக்குப் பெயர். எந்த ஆட்டத்தில் யார் எத்தனையாவது ஓவரில் அவுட்டானார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அப்படிப்பட்டவன் இப்போது மணி சொல்லத் திணறினான்.

பெண் டாக்டரிடமும் நாலரை என்றுதான் சொல்லியிருந்தான். அவள் நம்பிக் குறித்துக்கொண்டாள். பிறகுதான் அக்காவையும் வைத்துக்கொண்டு விளக்கினாள்: "மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா கை திரும்ப வாய்ப்பு அதிகம். நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. அதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

அதைக் கேட்டதும் அவன் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

நம் அணியைப் பற்றி ஊருக்கே தெரியும். போன வாரம் கத்துக்குட்டிகளிடம் மண்ணைக் கவ்வியது. இந்த வாரம் உலகத்தையே உதைத்தவர்களைத் துரத்தியடிக்கிறது. ஒரு நாள் டிவியை உடைக்கத் தோன்றும், மறுநாள் அதற்கு முத்தம் கொடுக்கத் தோன்றும். இப்படிப்பட்ட அணியை நம்பி வாழ்கிறவர்கள் ஆட்டக்காரர்களை நம்புவதில்லை. உட்கார்ந்த இடத்தை நம்புகிறார்கள். அந்த வீட்டில் சட்டம் அதுதான். அணி நன்றாக ஆடும்போது யார் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கவேண்டும். கொட்டாவிகூட விடக் கூடாது.

அன்றைக்கும் அப்படித்தான். ஒரு மணிக்குத் துரத்தல் ஆரம்பித்தது. மூன்றாவது ஓவரில் அத்தான் தண்ணீர் குடிக்க எழுந்தார். ஒரே ஓவரில் இரண்டு பேர் அவுட். "பார்த்தீங்களா? இனிமே அசைஞ்சீங்க, உங்க பஸ் டயரைக் குத்திடுவேன்" என்றான் தம்பி. அத்தான் சிரித்துவிட்டு நாற்காலியில் ஒடுங்கினார். அடுத்தடுத்து நான்கு பவுண்டரி பறந்தது.

ஒன்பதாவது ஓவரில் அவர் சொன்னார்: "டேய், கை மரத்துப்போன மாதிரி இருக்கு. எழுந்து ஒரு நடை நடந்துட்டு வரேன்."

"சும்மா இருங்கத்தான். ஸ்டியரிங் பிடிச்ச கைதானே, மரத்தா மரக்கட்டும். ஜோடி இப்பத்தான் நிலைச்சிருக்கு."

"ஒரு மாதிரி இருக்குடா."

"எனக்கும்தான் ஒரு மாதிரி இருக்கு. உக்காருங்க!"

உட்கார்ந்தார். ஜோடி நூறைத் தாண்டியது, நூற்றைம்பதைத் தாண்டியது. பதினைந்து வருடத்தில் இப்படியொரு துரத்தலை இருவரும் பார்த்ததில்லை. அத்தான் அவனிடம் வாயே திறக்கவில்லை. எல்லாம் பதற்றம் என்று தம்பி நினைத்தான். கடைசி ஓவர், கடைசிக்கு முந்தைய பந்து, சிக்ஸர்.

கேஸ் சீட்டைச் சுருட்டிப் பையில் செருகியபடி வந்த வார்டு ஊழியர் நின்றார். "என்னப்பா, ஜெயிச்ச சந்தோஷத்துல வந்துடுச்சா உங்காளுக்கு? இன்னைக்கு இது ரெண்டாவது கேஸு. தோத்தாலும் இங்கதான், ஜெயிச்சாலும் இங்கதான்." பதிலுக்குக் காத்திருக்காமல் போனார். வெளியே தெருவில் யாரோ வெடி கொளுத்தினார்கள்.

தம்பி மனதுக்குள் கணக்குப் போட்டான். ஒரு மணிக்கு ஆரம்பம். ஓவருக்கு நாலு நிமிஷம் என்று வைத்தாலும் ஒன்பதாவது ஓவர் ஒன்றரைக்கு மேல். சுவர்க் கடிகாரத்தில் ஆறேகால். நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது. மறுபடியும் போட்டான். அதே விடைதான் வந்தது.

உண்மையைச் சொன்னால் ஊசி கிடையாது. அத்தான் கை இனி பஸ் ஓட்டாது. அதற்குக் காரணம் யார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஊசி ஏறும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று நினைக்க முடியவில்லை.

நர்ஸ் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினாள். "ஊசிக்குச் சம்மதம்னு இங்க கையெழுத்துப் போடுங்கம்மா. டாக்டர் ரெடியா இருக்காங்க."

அக்கா பேனாவை வாங்கினாள். எழுதவில்லை. மில்லிலிருந்து அப்படியே ஓடி வந்தவள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு, சாப்பாட்டு நேரத்துல நான் போன் பண்ணினேன்ல?" என்றாள் மெதுவாக. "நீதான் எடுத்து அவர் காதுல வச்ச. பேச்சு குழறிக் குழறி வந்துச்சு. வாயில சோத்தை வச்சுக்கிட்டுப் பேசுறாருன்னு திட்டினேன்."

தம்பி செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டான்.

"அம்மா, நேரமாகுது" என்றாள் நர்ஸ்.

அக்கா அவன் முன்னால் குனிந்து, தாளை அவன் முழங்கால்மேல் வைத்தாள். குரலில் கோபமே இல்லை.

"நான் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்டா, சத்தியமா. இதுல நான் கையெழுத்துப் போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு."