கடைசியில் விழுந்த அழுத்தம்

குளிர்கிடங்கின் மோட்டாரை நிறுத்தியது சூப்பர்வைசர்தான். விளக்கு ஸ்விட்ச் என்று நினைத்துத் தட்டிவிட்டார். மூன்று லாரி ஐஸ்கிரீம் தண்ணீராய் ஓடியது. தான் செய்தது என்று மனிதர் மூச்சு விடவில்லையே! பழி, ஸ்பானிஷ் மட்டுமே பேசத் தெரிந்த வெளிநாட்டு மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. அன்று அவர் தன் கம்பெனிக்குப் போனில் பேசி அனுப்பிய தகவலை அங்கே யாரோ டைப் செய்திருந்தார்கள்: 'அபாகோ எல் மோத்தோர்'. மோட்டாரை நிறுத்துகிறேன் என்று அர்த்தம். ஊர் திரும்பிவிட்ட மெக்கானிக் 'நான் இல்லை' என்று தலைபாடாய் அடித்துக்கொண்டும் பலனில்லை. அவருடைய வேலை போகவிருந்தது.

ஸ்பானிஷ் தெரிந்த ஒருவர் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட்டால் விசாரணை முடிந்தது என்றார் மேனேஜர். சூப்பர்வைசர் தன் மச்சினியையே கூட்டிவந்தார். மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவள். வீட்டில் வாய் ஓயாதவள், இங்கே தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் பேசின குரல் இருக்கா சார்?"

சூப்பர்வைசர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "அதான் தாள்ல எல்லாம் இருக்கேம்மா."

"இந்த 'அபாகோ'வோட கடைசி எழுத்து தலையில ஒரு சின்னக் கோடு இருந்தா அர்த்தமே மாறிடும் அத்தான். டைப் பண்றவங்க பாதி நேரம் போடமாட்டாங்க. கேட்டாத்தான் தெரியும்."

மெக்கானிக்கின் கம்பெனி அனுப்பியிருந்த குரலை மேனேஜர் போனில் போட்டார். மச்சினி கண்ணை மூடி மூன்று தடவை கேட்டாள். பிறகு மேஜையில் விரலால் தட்டிக் காட்டினாள்.

"அ-பா-கோ. நடுவுல அழுத்தினா 'நிறுத்துறேன்'. அ-ப-கோ. கடைசில அழுத்தினா 'அவர் நிறுத்திட்டாரு'. இவர் எங்க அழுத்துறாருன்னு நீங்களே கேளுங்க."

கோ என்ற இடத்தில் குரல் ஏறி விழுந்தது. ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரியாத மேனேஜருக்கே அது கேட்டது.

"அப்போ நிறுத்தினது யாரு?"

"அது இந்த வார்த்தையில இல்ல சார். ஆனா பேசினவர் இல்ல. அதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."

சூப்பர்வைசருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ பெருமை. முகம் தெரியாத ஒருவனுக்காக அரை நொடிச் சத்தத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாளே, என்ன காது இவளுக்கு! இந்தக் காதுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார அவருக்கு வெட்கமாக இருந்தது.

மேனேஜர் அன்றைய வருகைப் பதிவை எடுக்க எழுந்தார்.

"அது வேண்டாம் சார். அந்த 'அவர்' நான்தான்," என்றார் சூப்பர்வைசர்.

மச்சினி கையெழுத்துக்கு எடுத்த பேனா அப்படியே நின்றது.

"போடும்மா," என்றார் அவர். "நீ சரியாத்தான் கேட்டிருக்கே."