ஒன்று கூட்டல் இரண்டு

வீட்டைப் பிரித்தாகிவிட்டது. கீழ்த்தளம் பெஞ்சமேனுக்கு, மாடி லூதோவிக்குக்கு. வீட்டின் பின்பக்கம் மாடிக்கென்று தனியாக இரும்புப் படி வைத்த பிறகு, அண்ணனும் தம்பியும் ஒரே வாசலில் எதிர்ப்படும் தேவையும் போய்விட்டது. அம்மா ஜிஸ்லேன் கீழே தூங்கினாள், மேலே சாப்பிட்டாள். கடைக்குட்டி லோரா அம்மா இருக்கும் இடத்தில் இருந்தாள்.

பிரிக்க முடியாமல் நின்றது படகு மட்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பப்பா, சாவதற்குச் சில வருடங்கள் முன்பு ஆசைப்பட்டு வாங்கிய சிறிய ஃபைபர் படகு. நடுவில் டீசல் என்ஜின், பின்னால் ஒரு பெஞ்சு, மேலே வெயிலுக்குக் கூரை. சுனாமி அன்று அது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போய் முகத்துவாரத்துச் சேற்றில் ஒரு கீறலோடு உட்கார்ந்திருந்தது. அதனால் அதன்மேல் வீட்டில் எல்லோருக்கும் ஒரு மரியாதை.

காலையில் பெஞ்சமேன் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு டால்ஃபின் காட்டப் போவான். சாயங்காலம் லூதோவிக் இரண்டு கூட்டாளிகளோடு தூண்டில் போடப் போவான்.

"அந்தப் படகு இருக்கிற வரைக்கும்தான் ரெண்டு பேரும் அண்ணன் தம்பி" என்பாள் அம்மா. "அது போச்சுன்னா, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க கல்லறைத் திருநாள் வரணும். உங்கப்பன் குழிகிட்ட ஆளுக்கு ஒரு பக்கமா நிப்பானுங்க."

படகில் இருந்தது ஒரே பேட்டரி. பல நாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. டக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். உடனே துறைமுகத்திலிருந்து பெஞ்சமேன் தம்பிக்கு போன் போடுவான்.

"டேய், நைட்டு பூரா லைட்ட எரியவுட்டு பேட்டரிய உறிஞ்சிட்டியா? இங்க வந்தவங்கள்லாம் தொப்பி போட்டுக்கினு நிக்கிறாங்க."

"நீ பாட்டு போட்டுத்தான் காலி பண்ண. எனக்கே நேத்து லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுது."

"பாட்டு இல்லாம டால்ஃபின் வருமா?"

"உன் பாட்டுக்கு வந்த டால்ஃபினும் ஓடிடும்."

கத்தி முடித்த பிறகு, போனை வைப்பதற்கு முன்னால், பெஞ்சமேன் கேட்பான்: "அம்மா மேல வந்தாங்களா? சாப்டாங்களா?" லூதோவிக் சொல்லுவான்: "சாப்ட்டாங்க. மாத்திரை கீழ இருக்கு, குடுத்தனுப்ப சொல்லு."

அந்தக் கடைசி வரிகளை அப்போது யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்தது. லோராவின் காதிலும்.

அவள் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தாள். வகுப்பில் நின்று பேச வராது என்பதால் ஆசிரியர் வேலைக்கு அவள் முயலவில்லை. ஆனால் இந்தப் பிரச்சினைக்கு விடை அவளுக்குத் தெரியும். இரண்டு பேட்டரி, நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்ச். பிரான்சில், துலோனில் இருக்கும் சோஃபி அத்தைக்கு எழுதினாள். விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் அத்தை கொடுத்தனுப்பினாள். உள்ளங்கை அளவு வட்டமான சுவிட்ச், சிவப்புக் கைப்பிடி. இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2, உச்சியில் 1+2, அடியில் 0.

அவள் போட்ட திட்டம் எளிமையானது. ஒன்றாவது பேட்டரி என்ஜினைக் கிளப்ப மட்டும். இரண்டாவது விளக்குக்கும் பாட்டுக்கும். யார் படகை எடுத்தாலும், எவ்வளவு நேரம் விளக்கெரித்தாலும், ஒன்றாவது குறையாது. காலையில் செல்ஃப் எடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன்கள் இருவரும் துறைமுகத்துக்கு வந்தார்கள். அவள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தாள். ஆளுக்கு ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் படகின் முன்னால் உட்கார்ந்தான், ஒருவன் பின்னால். நடுவில், என்ஜின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஸ்பேனரோடு லோரா குனிந்திருந்தாள்.

"ஸ்பேனர தலைகீழா புடிச்சிருக்கா பாரு. இவளுக்கு டிகிரி வேற" என்றான் லூதோவிக்.

"நீ அது கூட புடிக்கல" என்றான் பெஞ்சமேன்.

லூதோவிக் சிரித்துவிட்டான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அண்ணன் சொன்னதற்குச் சிரித்தான்.

அவள் சிவப்பு வயர்களைச் சுவிட்சின் முதுகில் முறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "இப்ப பாருங்க. ஒண்ணு..."

"ஒண்ணு என்னுது. மூத்தவன்" என்றான் பெஞ்சமேன்.

"அப்ப ரெண்டு என்னுது. காலையில நீ ஒண்ணுல போ. சாயங்காலம் நான் ரெண்டுல போறேன். உன் கரண்டு உனக்கு, என் கரண்டு எனக்கு."

"அது அப்படி இல்லண்ணா..." என்றாள் லோரா.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்று பெஞ்சமேன் எழுந்து வந்து தம்பியின் பக்கத்தில் குனிந்து பார்த்தான். "ஒரு பேச்சு இல்ல, சண்ட இல்ல. இத மின்னாடியே செஞ்சிருக்கலாம்."

இரண்டு தலைகளும் அவளுக்கு மேலே அருகருகே இருந்தன. அப்படி வைத்தாலும் படகு ஓடும். மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

கடைசியாகக் கறுப்பு வயரை எடுத்தாள். லூதோவிக்தான் கவனித்தான். "இது ஏன் என் பேட்டரியிலேருந்து அவன் பேட்டரிக்கு போவுது?"

"மைனஸ் ரெண்டும் ஒண்ணா சேரணும் சின்னண்ணா. இல்லன்னா வேல செய்யாது."

"அதக்கூட தனியா வைக்க முடியாதா?"

"முடியாது."

"கறுப்பு ஒண்ணா இருந்துட்டு போவட்டும்டா" என்றான் பெஞ்சமேன். "அத எவன் பாக்கப் போறான்? மேல இருக்கிற இந்த ஒண்ணு கூட்டல் ரெண்டு எதுக்கு பாப்பா?"

"ஒரு பேட்டரி செத்துப்போனா இன்னொண்ணு கைகொடுக்கிறதுக்கு. என்ஜின் கிளம்பினதும் மாத்திடணும். அப்படியே வுட்டா ரெண்டும் சேந்து எறங்கிடும்."

"அய்யோ, அது ஆவாது" என்றான் லூதோவிக்.

"அத தொடவே வேணாம்" என்றான் பெஞ்சமேன்.

ஒன்றில் வைத்துச் சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்தது. இரண்டிலும் பிடித்தது. மூவரும் முகத்துவாரம் வரை போய்த் திரும்பினார்கள். வீட்டில் அம்மா கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒண்ணா ஏறினானுங்களா? ஒரே நேரத்துலயா?" லோரா ஆமாம் என்றாள். சற்று நேரம் கழித்து அம்மா அதையே மறுபடி கேட்டாள்.

அதன் பிறகு செல்ஃப் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. பெஞ்சமேன் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குத் திருப்பிக் கொண்டுபோய், திரும்பி வந்து பூஜ்யத்தில் வைத்தான். லூதோவிக் பூஜ்யத்திலிருந்து இரண்டுக்குத் திருப்பினான். போன் வரவில்லை.

"பெஞ்சமேன் உனக்கு போனே பண்றதில்லையா?" என்று அம்மா ஒரு நாள் மாடியில் சாப்பிடும்போது கேட்டாள்.

"எதுக்கு? பேட்டரிதான் நல்லா இருக்குதே."

அம்மா லோராவைப் பார்த்தாள். "நல்லா பண்ணிக் குடுத்த பாப்பா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் லோரா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள்.

மாத்திரை நேரத்தை இப்போது அம்மாவே நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சில நாள் மறந்தாள்.

ஒரு மத்தியானம் லோரா ஸ்பேனரோடு துறைமுகத்துக்குப் போனாள். ஒரு நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும். நாளைக்குக் காலையில் செல்ஃப் எடுக்காது. பெஞ்சமேன் போன் போடுவான், லூதோவிக் கத்துவான். மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தளர்ந்த நட்டு சூடாகும், பொறி பறக்கும். பக்கத்திலேயே டீசல். எல்லா நட்டுகளையும் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

பொங்கல் விடுமுறையில் ஒரு காலை, பெஞ்சமேன் செல்போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனான். அவன் மனைவி அதை லோராவிடம் கொடுத்தனுப்பினாள். லோரா துறைமுகத்தில் காத்திருந்தாள். வர வேண்டிய நேரம் தாண்டி வெயில் ஏறிய பிறகு படகு வந்தது. என்ஜின் சத்தம் இல்லை. மீனவர் கோவிந்தசாமியின் படகு அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கூரைக்கடியில் சிவப்புச் சட்டை போட்ட இரண்டு குழந்தைகள் வாந்தியெடுத்துச் சோர்ந்து தாயின் மடியில் கிடந்தன.

"டால்ஃபின் காட்டப் போனாரு, கடசீல டால்ஃபின் மாரி இவர நாங்க காட்டிக்கினு வரோம்" என்றார் கோவிந்தசாமி, கரையில் நின்றவர்களிடம். பிறகு இந்தப் படகில் குதித்து மூடியைத் திறந்தார். "இன்னாபா, ரெண்டு பேட்டரி கீது. ரெண்டுமா படுத்துக்கிச்சு?"

"ஒண்ணுதான். என்ஜின நிறுத்திட்டு பாட்டு போட்டிருந்தேன்."

"அப்ப இன்னொண்ணு?"

"அது நம்மளுது இல்ல."

கோவிந்தசாமி அவனை ஒரு முறை பார்த்தார். கைப்பிடியை இரண்டுக்குத் திருப்பிச் சாவியைப் போட்டார். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. கரையில் சிரிப்பு எழுந்தது.

குழந்தைகளின் தகப்பன் இறங்கும்போது கேட்டார்: "இத அங்கயே பண்ணியிருக்கலாமே சார்?"

பெஞ்சமேன் என்ஜினை அணைத்தான். எல்லோரும் போன பிறகு லோரா போனை நீட்டினாள்.

"ஏண்ணா திருப்பல?"

"அவனுது பாப்பா. தொட்டா, அதுக்கும் அவன்கிட்ட ஒரு பேச்சு கேக்கணும்."

அன்று சாயங்காலம் லூதோவிக் இரும்புப் படியில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான். அம்மா எழுந்து நின்றாள். யாரோ தன் பேட்டரியைத் தொட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்திருக்கிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"எவ்ளோ நேரம் கடல்ல நின்ன?" என்று கேட்டான்.

"உனக்கு எதுக்கு அது?" என்றான் பெஞ்சமேன்.

"கொழந்தைங்க இருந்துச்சாமே."

பெஞ்சமேன் உள்ளே போகத் திரும்பினான்.

"கை எட்டுற தூரத்துல இருந்துச்சு. என் பேட்டரிய தொட உனக்கு அவ்ளோ கசக்குதா?"

"நீதானடா சொன்ன, உன் கரண்டு உனக்கு, என் கரண்டு எனக்குன்னு."

"சொன்னேன். சொன்னா? நீ அண்ணன்தான? எடுத்தா நான் இன்னா கேட்டுடப் போறேன்?"

"எடுத்தாலும் கேப்ப. எடுக்கலன்னாலும் கேக்குற."

அது யாருடைய பேட்டரியும் இல்லை, ஒன்று என்ஜினுக்கு, இரண்டு விளக்குக்கு, நான் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று லோரா சொல்ல நினைத்தாள். வாக்கியம் முழுதாக மனதில் இருந்தது. முதல் சொல்லை எடுப்பதற்குள் லூதோவிக் சொல்லிவிட்டான்.

"வித்துடலாம்."

"வித்துடு" என்றான் பெஞ்சமேன்.

இருவரும் ஒத்துக்கொண்ட இரண்டாவது விஷயம் அது.  அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிட மேலே போகவில்லை.

படகை வாங்கியவர் கடலூர்க்காரர், இராமதாஸ் என்று பெயர். பேட்டரிகள் வேண்டாம், தன்னிடம் இருக்கின்றன, சுவிட்ச் மட்டும் இருக்கட்டும் என்றார். பேட்டரி அவரவருக்கு என்று அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள். கழற்ற லோராதான் போனாள்.

மூடியைத் திறந்தாள். கைப்பிடி பட்டுப் பட்டு சுவிட்சின் கீழ்ப்பாதி மட்டும் பளபளப்பாக இருந்தது. உச்சியில் 1+2 என்ற எழுத்தின்மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அவள் அதை விரலால் துடைத்தாள். கழற்றும்போது மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்திருந்த கறுப்பு வயரின் நட்டில் ஸ்பேனரைப் போட்டாள். அவளே இறுக்கியது. எளிதில் வரவில்லை.

"ரெண்டு பேட்டரிய எப்படிம்மா வைக்கிறது இதுல?" என்று கேட்டார் இராமதாஸ். "ஆளுக்கு ஒண்ணுன்னு வைக்கிறதா?"

"இல்லீங்க" என்றாள் லோரா. அவள் குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. "ஒண்ணு என்ஜினுக்கு. அத வேற எதுக்கும் எடுக்காதீங்க. ரெண்டாவது லைட்டு, பாட்டு எல்லாத்துக்கும். படகு யாரு எடுத்துட்டுப் போனாலும் அப்படித்தான். ஒண்ணு செத்துட்டா கைப்பிடிய மேல வைங்க, கிளம்பினதும் மாத்திடுங்க. யோசிக்காம வைங்க. அதுக்குத்தான் அது இருக்கு."

"நல்ல ஏற்பாடுதான்" என்றார் அவர். "இப்படி புட்டு புட்டு சொன்னா யாருக்கும் புரிஞ்சுடும்."

ஆட்டோவில் இரண்டு பேட்டரிகளையும் காலடியில் வைத்துக்கொண்டு ரெட்டியார்பாளையம் வந்தாள். பள்ளங்களில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் நடுவில் ஒரு அட்டையைச் செருகியிருந்தாள். ஒன்றைக் கீழே முன்வாசலில் வைத்தாள். மற்றதை இரும்புப் படியில் ஒவ்வொரு படியாக வைத்து வைத்துத் தூக்கி மாடிக் கதவோரம் விட்டாள்.

"எல்லாத்தையும் கழட்டிட்டியா?" என்று அம்மா படுத்தபடியே கேட்டாள்.

"கழட்டிட்டேன்."

கறுப்பு வயர் அவள் கைப்பையில் இருந்தது. அது யாருக்கு என்று இருவரும் சொல்லவில்லை.