எட்டு ரூபாய்க் கித்தார்

1947-ஆம் வருடம் ஜூலை மாதம் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு ராயபுரம் கப்பிக்காரச் சந்தில் பதினேழு வீடுகளில் அடுப்பு மூட்டாமலே சோறு வெந்தது. பதினெட்டாவது வீட்டில் வேகவில்லை. அங்கே அன்று அரிசி இல்லை. அப்போது விறகுத்தொட்டியில் ரேஷன் கார்டைக் காட்டி அரை நாள் நின்றாலும் ஈரக்கட்டைதான் கிடைக்கும். அதனால் சந்தில் யாரும் பயப்படவில்லை. கஞ்சியை வடித்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவிய பிறகுதான் காரணம் என்னவென்று வெளியே வந்து பார்த்தார்கள். ஒன்பதாம் நம்பர் வீட்டு வாசலில் ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். அவள் கோபமாக இருந்தாள். அவள் முதுகு சாய்ந்திருந்த சுவரில் கை வைக்க முடியவில்லை.

ஜெயக்கொடியின் புருஷன் ஆசீர்வாதம் துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச்சு ஓட்டியவன், நாசரேத் பக்கத்துக்காரன். முந்தைய வருடம் அக்டோபரில் சங்கிலி அறுந்து சணல் பொதிகள் மேலே விழுந்து செத்துப்போனான். அவன் விட்டுப்போனவற்றில் விலை பெறக்கூடியது ஒரு கித்தார். ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்கார டிரைவர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது, சாமான் ஏற்ற உதவியதற்காக அதை அவனுக்குக் கொடுத்திருந்தார். அது அவருடைய தாத்தா கப்பலில் கொண்டுவந்தது. ஆசீர்வாதம் யாரிடமும் கற்காமல் அதை வாசித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அவன் வாசித்தால் எதிர்வீட்டில் சண்டை பாதியில் நிற்கும். ஜெயக்கொடிக்கு ரவிக்கை வெட்டத் தெரியும், மிஷின் கிடையாது. கித்தாரைக் கொடுத்து ஒரு தையல் மிஷின் வாங்கிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எட்டு மாதம் யோசித்து, ஜூன் முதல் வாரத்தில் அதைப் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெள்ளத்துரையின் கடைக்குப் போனாள்.

வெள்ளத்துரை பெரிய தெருவில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. அவர்கள் விட்டுப்போன கட்டில், கடிகாரம், பியானோ எல்லாம் அவர் கடைக்கு வந்து சேர்ந்தன. ஆசீர்வாதத்தின் ஊர்க்காரர், ஒரே கோவிலுக்குப் போகிறவர். அடக்கத்துக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர். அதனால்தான் அவள் அவரிடம் போனாள்.

"நீங்க பாத்து சொல்றதுதான் அண்ணாச்சி. எனக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

"நான் சொன்னா சரியா வராது தாயி. நாளைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லிரப்பிடாது பாரு. தெரிஞ்ச மனுசன் பாத்துச் சொல்லட்டும்" என்று அவர் பழைய வண்ணாரப்பேட்டையில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் ஹபீபுல்லாவுக்கு ஆள் அனுப்பினார். ஹபீபுல்லாவின் பட்டறை இருந்த கட்டிடம் வெள்ளத்துரைக்குச் சொந்தம். அவர் வந்ததும் வெள்ளத்துரை அவரை உள்ளே கூப்பிட்டு, எட்டு ரூபாய்க்கு மேலே போகவேண்டாம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

ஹபீபுல்லா கித்தாரை மடியில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி போலக் குறிபார்த்தார். அது நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. மேல்பலகையை விரல் மூட்டால் தட்டினார். எந்த இடத்திலும் சத்தம் செத்துப்போகவில்லை. மரத்தின் வரிகள் தலைமுடிபோல நெருங்கி ஓடின. முதுகுப் பலகை மலையாளத்து ஈட்டி மரம். இங்கிருந்து கடல் தாண்டிப் போய்க் கித்தாராகித் திரும்பி வந்திருந்தது. ஒரு விரிசல் இருந்தது, ஆனால் தேர்ந்த கை ஒன்று உள்ளே சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டி அதை என்றைக்கோ அடக்கியிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை உள்ளே விட்டு, பழுப்பேறிய காகிதத்தில் செய்தவனின் கையெழுத்தையும் 1868 என்ற வருடத்தையும் வாசித்தார். முதல் பூச்சு அப்படியே இருந்தது. எழுபத்தொன்பது வருடமாக யாரும் அதைத் தேய்த்துக் கெடுக்கவில்லை. இப்படி ஒன்றைத் தன் ஆயுளில் இன்னொரு தடவை தொடப்போவதில்லை என்று ஹபீபுல்லாவுக்குத் தெரிந்தது.

பிறகு நிமிர்ந்து, ஜெயக்கொடியைப் பார்க்காமல் சொன்னார். "கழுத்து வளைஞ்சி பூட்ச்சிமா. மேல வெடிச்சிகீது. எட்டு ரூபா போவும். இல்லாங்காட்டி அடுப்புல வெக்கலாம்."

வெள்ளத்துரை பெருந்தன்மையாக, எட்டு ரூபாய்ச் சாமானுக்கு இருபது ரூபாய் மிஷின் தருவதாகச் சொல்லி, கையால் சுற்றும் பழைய மிஷின் ஒன்றை எடுத்து வைத்தார். ஜெயக்கொடி அவருக்குக் கும்பிடு போட்டு அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். அது மூன்று தையலுக்கு ஒரு தையல் தவறியது. ஆறு வாரம் அதோடு மல்லுக்கட்டி நாலு பேருடைய துணியைக் கெடுத்தாள்.

ஜூலை பதினான்காம் தேதி பக்கத்து வீட்டு ரஷீது துறைமுகத்திலிருந்து பகலிலேயே திரும்பி வந்தான். கப்பல் அதிகாரி ஒருவரின் பெட்டியைச் சுமந்துகொண்டு வெள்ளத்துரை கடைக்குப் போயிருந்தான். அதிகாரி அந்தக் கித்தாருக்கு நானூறு ரூபாய் தருவதாகக் கேட்டதையும், வெள்ளத்துரை எழுநூறுக்குக் குறையாது என்று சிரித்ததையும் நின்று கேட்டிருந்தான். அதை ஜெயக்கொடியிடம் சொல்லி முடித்த நேரம்தான் பதினொன்றரை மணி.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் கப்பிக்காரச் சந்தில் யாரும் விறகு வாங்கவில்லை. அரிசியைக் களைந்து, ஜெயக்கொடி வீட்டுப் பக்கமாகப் பானையை நகர்த்தி வைத்தால் போதும். ஒன்பதாம் நம்பருக்கு நெருங்கிய வீடுகளில் கறி வெந்தது. சந்தின் கோடியில் இருந்த வீடுகளில் பருப்பு வெந்தது. மாநகராட்சி ஆள் ஒருவர் வந்து, லைசென்சு இல்லாத அடுப்பு என்று எழுதிக்கொண்டு, மூக்கில் கொப்புளம் எழும்பித் திரும்பிப் போனார். விறகுச் செலவு இல்லாத சந்து என்று வீட்டுக்காரர்கள் வாடகையை ஒன்றரை ரூபாய் ஏற்றினார்கள். ஜெயக்கொடிக்கும் ஏற்றினார்கள். அன்று மாலை சந்தில் எல்லோருக்கும் வெந்நீர் கிடைத்தது.

ஆனால் எந்தக் கோபமும் ஒரே சூட்டில் இருக்காது. ஆறேழு மாதம் போனதும் ஜெயக்கொடி சில நாள் அசதியாக எழுந்தாள். வெற்றிலை போட்டாள். ஒரு நாள் சிரித்துக்கூட விட்டாள். அன்று பதினேழு வீட்டிலும் சோறு நடுவே அரிசியாக நின்றது. அதன் பிறகு சந்துக்காரர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி வந்து, வெள்ளத்துரை கார் வாங்கின சேதியையோ, அவர் மகளுக்கு நாற்பது சவரன் போட்ட சேதியையோ, கித்தாரைப் பார்க்க இன்னொரு துரை வந்துபோன சேதியையோ ஜெயக்கொடியின் காதில் போட்டுவிட்டுப் போவாள். பாதி சேதி பொய். ஜெயக்கொடி தனக்காக எல்லோரும் வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருத்தியையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

1949 நவம்பரில் ரஷீதின் மனைவி ரஹீமுன்னிசாவின் முறை மறுபடி வந்தது. அவள் முறைக்கு முந்தின நாளே வந்து வாசலில் நின்றாள்.

"யக்கா, உன் கோவத்த ஊதி ஊதி சோறாக்கித் துன்னுகினு கீறோம். நானும்தான் துன்னேன். நாளைக்கு என் மொற. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஜெயக்கொடி முதலில் புரியாமல் பார்த்தாள். ரஹீமுன்னிசா முறை வைத்த விதத்தையும், யார் யார் எந்தப் பொய்யைச் சொன்னார்கள் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜெயக்கொடி கதவைச் சாத்திக்கொண்டாள். தான் கொடுத்த தண்ணீரை நினைத்தாள். வெள்ளத்துரையின் மேல் வந்த கோபம் நெருப்பு மாதிரி என்றால், இது கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு மாதிரி இருந்தது, புகையில்லை, சத்தமில்லை.

அந்த வாரமே ஹபீபுல்லா சந்துக்கு வந்தார். மனசாட்சி உறுத்தி வந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. பட்டறை இருந்த கட்டிடத்தை வெள்ளத்துரை வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்பதும் உண்மை. சந்து முனையில் நாலு பேர் அவரை மறித்தார்கள்.

"விறகு இன்னா வெல விக்குது தெரியுமா பாய்? நீ போயி எதனா சொல்லி அது கோவம் ஆறிச்சின்னா எங்க வூட்ல நீயா வந்து அடுப்பு பத்தவெப்ப?"

"கைய எடு. நா சொன்ன பொய்ய நாந்தான் போயி சொல்லணும்" என்று அவர் அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஜெயக்கொடி அவரை உட்காரச் சொல்லவில்லை. முழுவதையும் நின்றபடி கேட்டாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? வா, கூட்டு சேந்து பொய் சொன்ன எடத்துலயே வந்து சொல்லு" என்று செருப்பில்லாமல் முன்னால் நடந்தாள். சந்து முழுவதும் பின்னால் போனது.

கித்தார் வெள்ளத்துரை கடையில் நடுச்சுவரில் மாட்டியிருந்தது. துரைமார் எல்லோரும் போய்விட்டார்கள், எழுநூறு கொடுக்க ஆள் வரவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் வெள்ளத்துரை எழுந்து, தாராளமாகப் பார்க்கட்டும் என்று தானே கழற்றிக் கொடுத்தார். ஹபீபுல்லா அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். கித்தார் நாற்காலி போலப் பளபளத்தது. பார்வைக்குப் புதிதாக இருக்கட்டும் என்று வெள்ளத்துரை மேசை மெருகுபோடும் ஆளை வைத்துப் பழைய பூச்சையெல்லாம் சுரண்டி, மூன்று தடவை மெருகு அடித்திருந்தார். ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்புத் தந்திகளை எடுத்துவிட்டுச் சத்தம் பெரிதாக வரட்டும் என்று எஃகுக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். நரம்புக்காகச் செய்த மரம் எஃகைத் தாங்கவில்லை. கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. மேல்பலகை பழைய விரிசலோடு சேர்த்து இன்னும் இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. அழுக்குக் காகிதம் என்று உள்ளே இருந்த கையெழுத்தையும் பிய்த்துப் போட்டிருந்தார்கள்.

ஹபீபுல்லா அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "எட்டு ரூபா. அன்னிக்கு சொன்ன பொய்யி இன்னிக்கு நெசமா பூட்ச்சி."

"அன்னைக்கே சொன்னேம்லா?" என்று வெள்ளத்துரை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "எட்டு ரூவாச் சாமான் எட்டு ரூவாதான். அவளே தூக்கிட்டுப் போகட்டும், எனக்கு வேண்டாம்."

"அன்னிக்கு இன்னா வெல பாய்?" என்றாள் ஜெயக்கொடி.

"அறுநூறு. கண்ண மூடிகினு குடுக்கலாம். புது மிஷினு மூணு வாங்கலாம்மா."

"முடிஞ்ச யாவாரம் தாயி. அதையெல்லாம் திரும்பப் பேசப்பிடாது" என்றார் வெள்ளத்துரை.

ஜெயக்கொடி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் பத்து மணிக்கு வந்து அவளுக்காக உச்சுக்கொட்டியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். இன்னொருத்தி கூரையில் தொங்கிய விளக்குகளை எண்ணினாள். ரஹீமுன்னிசா மட்டும் "குடுய்யா அதுக்கு மிஷின!" என்று கத்தினாள், வேறு குரல் எழவில்லை. அந்த நிமிடத்தில் கப்பிக்காரச் சந்தில் ஏற்றி வைத்திருந்த அத்தனை பானையும் அடிப்பிடித்துக் கரியானது. ராயபுரம் கரையோரம் கடலில் முழங்கால் ஆழம்வரை ஆவி பறந்தது. வெந்த மத்தி ஒதுங்கியதாகவும், அன்று ஏலத்தில் அது வழக்கமான மத்தியைவிட அரையணா கூடுதலாகப் போனதாகவும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு சந்துக்கு ஒரு பொட்டுச் சூடு போகவில்லை. ஜெயக்கொடி கோபத்தை அடக்கவில்லை. அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் இருப்பது என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

அவள் வெள்ளத்துரை கடையிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். மறுநாளும் கடை திறக்கும்போது வந்து உட்கார்ந்தாள். முதல் நாள் கிராமபோன் தட்டுகள் தோசைபோலத் தொங்கின. மூன்றாம் நாள் பியானோவின் பசை உருகிக் கட்டைகள் ஒன்றொன்றாகக் கீழே விழுந்தன. ஐந்தாம் நாள் கடிகாரங்கள் எல்லாம் வேகமாக ஓடி, கடையில் டிசம்பர் மாதம் முடிந்து ஜனவரி வந்துவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் அவளை எழுப்ப வந்து, தன் பெல்ட்டுப் பித்தளையைத் தொட முடியாமல் வெளியே போய் நின்றார். பதினோராம் நாள் வெள்ளத்துரை இரண்டு புது மிஷின்களை வண்டியில் ஏற்றினார். ஜெயக்கொடி எழுந்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள், புருவம் பொசுங்கிய முகத்தோடு மூன்றாவதையும் ஏற்றினார்.

"இப்ப ஆறிட்டுதா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

"இது கித்தாரோட வெல. அவ்ளோதான்" என்றாள் ஜெயக்கொடி. கித்தாரையும் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டாள். மெருகைச் சுரண்டிச் சரிசெய்து தருகிறேன் என்று வாசலில் நின்ற ஹபீபுல்லாவிடம், "நீ தொட்டது போதும் பாய்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

விலை கிடைத்தால் கோபம் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தீரவில்லை. அவள் திருவொற்றியூருக்குப் போய் காலடிப்பேட்டையில் ஒரு அறை எடுத்து மூன்று மிஷினையும் போட்டாள். ஒன்றில் அவள், ஒன்றில் ரஹீமுன்னிசா, இன்னொன்றில் தீப்பெட்டி ஆலையில் வேலை போன ஒரு பெண். கித்தாரின் எஃகுக் கம்பிகளைத் தன் கையாலேயே வெட்டியெடுத்து, அதைத் தந்தியில்லாமல் மேலே மாட்டி வைத்தாள். கப்பிக்காரச் சந்தில் மறுபடி விறகுத்தொட்டி வரிசையில் நின்றார்கள். நன்றிகெட்டவள் என்று அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றார்கள்.

1955 வாக்கில் காலடிப்பேட்டையில் பாதிப் பேருக்கு அவள்தான் தைத்துக் கொடுத்தாள். அந்தக் கடையில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடுவதில்லை. கூலியைக் குறைத்துக் கேட்டால் எதிரே இருப்பவருக்கு வியர்க்கும். அதனால் யாரும் கேட்பதில்லை. தைத்த சட்டையைக் கையில் வாங்கும்போது சுடும். புதிதாகக் குடிவந்தவர்கள்தான் திடுக்கிட்டுக் கீழே போடுவார்கள். மற்றவர்கள் துண்டில் வாங்கிக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடி வீடுவரை நடந்து, ஆறிய பிறகு போட்டுக்கொண்டார்கள்.