லிட்டியானாவின் படிவத்தில் இரண்டு கட்டங்கள்

1

இந்தக் கதை நன்றிக்கடனில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘ஒரு நிறுவனத்தின் செயல்திறனை அகச்சூழலும் புறச்சூழலும்—’ (அடித்துவிட்டேன். லிட்டியானா படித்தால் கையிலிருக்கும் மீனை என் முகத்தில் எறிவாள்.)

2

லிட்டியானா எங்கள் ஃபிஜித் தீவின் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகிறவள். சங்கத்தின் உயிர், அரசு கொடுத்திருக்கும் ஐஸ் இயந்திரம். இரண்டு மாதமாக மீன் வரத்து பாதியாகிவிட்டது. தலைநகர் சுவாவிலிருந்து வந்த அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். ‘உள்காரணம்’, ‘வெளிக்காரணம்’ என்று இரண்டே கட்டங்கள். புயல், டீசல் தட்டுப்பாடு என்றால் வெளியே. இயந்திரம் இங்கேயே இருக்கும். உள்ளே என்றால் அது வேறு தீவுக்குப் போய்விடும். நாலு மணிப் படகுக்குள் எழுதித் தரவேண்டும்.

உண்மைக் காரணம் ஊரறிந்தது. குலத்தலைவர் இறந்துபோனார். வழக்கப்படி பவளத்திட்டில் கம்பு நட்டுத் துணி கட்டியாயிற்று. நூறு நாள் அங்கே யாரும் வலை வீசக்கூடாது. கம்பை நட்டதே சங்கத்து ஆட்கள்தான்.

லிட்டியானா ‘வெளி’யில் எழுதப் போனாள். அவள் தாய்மாமன் சாவெனாதா, படகோட்டி, கையைப் பிடித்துவிட்டார்.

“பெரியவரு என்ன, புயலா? நம்ம வீட்டுச் சாவு, புள்ள.”

“உள்ளன்னு எழுதினா மெஷின் போயிரும் மாமா.”

“அதுக்காக அவர வெளிய தள்ளுவியா?”

3

(இங்கே அதிகாரியை வில்லனாக்கினால் கதைக்கு வசதி. முயன்றேன். மனிதர் அந்தக் கம்பைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். என் பிழைப்பில் மண்.)

சொல்லாமல் விட்ட ஒன்று. நான் இத்தீவின் கணக்கு வாத்தியார். தூண்டில் பிடிக்கக்கூடத் தெரியாது, சங்கத்தில் உறுப்பினனும் இல்லை. இரண்டு வருடம் முன்பு என் மனைவி இறந்தபோது, சிட்னியிலிருந்து மகன் வந்துசேர மூன்று நாளானது. நான் கேட்காமலே, உடலைக் காக்க லிட்டியானா சங்கத்து ஐஸ் முழுவதையும் அனுப்பினாள். அந்த மூன்று நாள் பிடித்த மீனெல்லாம் கெட்டது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஏழு பிறவிக்கும் நான் இவர்களுக்குக் கடமைப்பட்டவன்.

கெட்டுப்போன அந்த மீன் கணக்கைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதினாய் என்று பின்பு கேட்டேன்.

“எழுதவே இல்ல, வாத்தியாரே. உங்கள வெளியாளுன்னு எழுதக் கை வரல.”

4

முடிவு ஒன்று: வெளியே என்று எழுதினாள். இயந்திரம் இருக்கிறது, மாமன் அவளோடு பேசுவதில்லை.

முடிவு இரண்டு: உள்ளே என்று எழுதினாள். தலை நிமிர்ந்து நின்றாள், இயந்திரம் படகேறியது.

முடிவு மூன்று: நடுக்கோட்டின் மேலேயே— (வேண்டாம். அதிகாரி ஏற்கமாட்டார், நீங்களும் ஏற்கமாட்டீர்கள்.)

மணி மூன்று ஐம்பது. “நீங்களே சொல்லுங்க வாத்தியாரே” என்று லிட்டியானா பேனாவை என்னிடம் நீட்டுகிறாள். கடன்பட்டவன் சொல்லும் தீர்ப்பு தீர்ப்பாகாது. அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன். எழுதும்முன் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தீவில் இனி யார் வீட்டில் சாவு விழுந்தாலும், ஐஸ் கேட்டு முதலில் இவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.