ஸ்லாவ்கோ கழுவிய சந்து

காலை ஐந்தரை மணிக்கு மெல்பர்னில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதற்காகவே அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். மனைவி பிரிந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. பகலில் கேமராவோடு நின்றால் யாராவது வந்து "என்ன எடுக்கறீங்க?" என்பார்கள். விடியலில் அந்தத் தொல்லை இல்லை. முதல் டிராம் கடகடத்துப் போகும், ரொட்டிக்காரர் தட்டுகளை இறக்குவார், நான் சுவரோரம் நின்று இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு நழுவிவிடுவேன். முகங்களை எடுப்பதில்லை. முகத்தை எடுக்கப்போனால் அவர்களும் என்னைப் பார்ப்பார்களே.

ஸ்லாவ்கோவையும் அப்படித்தான் இரண்டு வருஷம் எடுத்தேன். குரோஷியாவிலிருந்து வந்த நகராட்சித் தொழிலாளி, எழுபதை நெருங்குகிற ஆள். சந்தின் கருங்கல் தரையை ரப்பர் குழாயால் கழுவுவது அவர் வேலை. ஈரக் கல்லில் கடை விளக்குகள் விழ, நடுவில் அவர் குனிந்து நிற்பார். முந்நூறு படமாவது இருக்கும். எல்லாம் முதுகு.

அந்தத் திங்கட்கிழமை தூறல் போட்டது. லென்ஸ் நனையாமலிருக்க மூடியைப் போட்டுக்கொண்டு சந்து முனையில் காபி விற்கும் லியெனின் ஜன்னலுக்குப் போனேன். எல்லோர் கோப்பையிலும் பேர் எழுதுவாள். என் கோப்பையில் 'கேமரா' என்று எழுதுவாள். அவள் முதலில் கேட்டபோது நான் பேரைச் சொல்லவில்லை.

"ஏய் கேமரா!" ஸ்லாவ்கோ குழாயை மூடிவிட்டு வந்தார். "என் முதுகு உனக்கு இன்னும் அலுக்கலையா?"

"முதுகுதான் பாக்கற மாதிரி இருக்கு பெருசு. மூஞ்சியை எடுத்தா கேமரா உடைஞ்சிடும்," என்றாள் லியென்.

"நீ உன் பாலைப் பாரு, பொங்குது." என் பக்கம் திரும்பினார். "அடுத்த வெள்ளியோட எனக்கு வேலை முடியுதுப்பா. பெர்த்ல மக கூப்பிட்டுட்டா. நாப்பது வருஷமா இந்தச் சந்தைக் கழுவறேன், சந்தோட சேந்து ஒரு போட்டோ இல்ல. பின்னாடி சந்து தெரியணும், முன்னாடி நான் தெரியணும். எடுத்துக் குடுப்பியா?"

ஈரக் கையால் முடியைப் படிய வைத்தார். ஆரஞ்சுச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். பிறகு நேராக என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி என்னை ஒருவர் பார்த்து எத்தனை காலமாயிற்று! நான்கு படம் எடுத்துவிட்டு, "நாளைக்குத் தரேன்," என்று கிளம்பிவிட்டேன்.

அன்று மாலை குளியலறையில் ஃபிலிமைக் கழுவினேன். அந்த நான்கு கட்டங்களிலும் ஒன்றுமில்லை. என்னுடையது பழைய மாதிரிக் கேமரா. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் வேறு, லென்ஸ் வேறு. மூடியைக் கழற்றாவிட்டாலும் துவாரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரியும். இந்தத் தப்பைச் செய்த எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன்!

மறுநாளே போய், "மூடியைக் கழட்ட மறந்துட்டேன், இன்னொரு தடவை நில்லுங்க," என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. என்னை நம்பி நின்ற மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாலங்களை எடுத்தேன். வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை, மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். சந்து காய்ந்து கிடந்தது.

"நேத்தே போயிட்டாரு," என்றாள் லியென். "கடைசி நாளை லீவா குடுத்துட்டாங்க. மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா."

"அந்தப் படம் வரலை," என்றேன்.

"தெரியுமே. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதுமே அவரு சொன்னாரு, 'முன்னாடி கறுப்பா ஒரு மூடி இருந்துச்சே, அதைக் கழட்ட வேணாமா?'ன்னு. அப்பவே சொல்றதுக்கென்னன்னு கேட்டேன். 'அவன் தொழில் அவனுக்குத் தெரியாதா, நான் போய் என்னத்தச் சொல்ல'ன்னாரு."

பத்து நாளாக நான் யாருக்குப் பயந்து ஒளிந்தேனோ, அவருக்கு முதல் நிமிஷமே தெரிந்திருக்கிறது.

"தினமும் சவரம் பண்ணிட்டு வந்தாரு, நீங்க வருவீங்கன்னு. அப்புறம் போட்டோவையே மறந்துட்டாரு. 'ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறாதவன், உடம்புக்கு என்னவோ? தனியா விழுந்து கிடக்கறானோ?'ன்னு ஒரே புலம்பல். போற வர்ற எல்லாரையும் விசாரிச்சாரு. எங்களுக்குப் பேரும் தெரியாது, வீடும் தெரியாது. கேமராவைக் காணோம்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"அவர் நம்பர் இருக்கா?"

"அவரு வச்சிருந்தது நகராட்சி போன்தான். திருப்பிக் குடுத்துட்டாரு."

லியென் ஒரு கோப்பையை எடுத்தாள். பேனாவைத் திறந்து 'கே' எழுதத் தொடங்கினாள்.

"டூகல்," என்றேன். "என் பேரு டூகல்."

பேனா நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதைச் சொல்லியிருந்தா அவரு வீடு தேடியே வந்திருப்பாரே," என்று சொல்லிவிட்டு வேறு கோப்பையை எடுத்தாள்.